இரணியலில் கிரீம் கலக்கிய காலம்

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைப்பதுதான் எங்கள் தொழில். அந்த இரண்டுக்கும் அதில் சம்மதம் இருந்ததே இல்லை.

வீட்டு அடுப்பில் ஒரு கிரீமையோ சோப்பையோ காய்ச்சி, லேபிள் ஒட்டி, தெரிந்தவர்கள் தலையில் கட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியென்றால் இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இராது. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுங்கள், போதும்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். படிக்கப் பிள்ளைகள் சேரவில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். பக்கத்து வீட்டு ரெஜினாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சரும கிரீம் செய்ய ஆரம்பித்தேன். வாசலில் கிரீம் கம்பெனி என்று பலகை தொங்கினாலும் ஊருக்கு நான் டீச்சர்தான். கிரீம் என்றால் என்ன? எண்ணெய், தண்ணீர், இரண்டையும் பிடித்து வைக்க ஒரு மெழுகு. அந்த மெழுகைத்தான் எமல்சிஃபையர் என்கிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து வருவதும் உண்டு. நாங்கள் தாவரத்திலிருந்து வருவதை மட்டுமே தொடுவோம் என்று முடிவு செய்தோம். தேங்காய் எண்ணெயும் சோளச் சர்க்கரையும் சேர்த்துச் செய்தது ஒன்று, ஆலிவிலிருந்து ஒன்று, சூரியகாந்தி விதையிலிருந்து பழுப்பாகத் தேன் மாதிரி ஒட்டும் லெசித்தின் ஒன்று. பலகையில் 'நூறு சதவீதம் தாவரம்' என்று எழுதியபோது பெயின்டர் மட்டும்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

மணமில்லாத தேங்காய்

தக்கலையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மோனிஷா எங்கள் முதல் வாடிக்கையாளர். வந்ததும் வராததுமாக, "கெமிக்கல் ஒண்ணும் கூடாது டீச்சர், எங்கிட்ட வாரவியெல்லாம் லேபிள வாசிப்பாவ" என்றாள். தண்ணீரும் ஒரு கெமிக்கல்தான் என்று நான் வகுப்பெடுக்கத் தொடங்கியதும் அவள் முகம் சுருங்கியது. ரெஜினா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

நான் ஜாடியைத் திறந்து மெழுகை அவள் உள்ளங்கையில் கொட்டினேன். ஜவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். இது தேங்காயிலிருந்து வந்தது, எண்ணெயில் போட்டுச் சூடாக்கினால் உருகும், சூடான தண்ணீரை விட்டு ஆறும்வரை கலக்கினால் கிரீம் ஆகும் என்று விளக்கினேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். உருண்டைகளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு திரும்ப ஜாடியிலேயே போட்டுவிட்டுச் சொன்னாள்: "தேங்காயில இருந்து எடுத்ததுன்னா தேங்காய் மணம் வரண்டாமா டீச்சர்? இதுல மெழுகுதிரி மணம்லா வருது."

குலுக்கித் தேய்க்கவும்

தாவர மெழுகுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் தாங்காது. கம்பெனிக்காரர்கள் ஏன் பெட்ரோலியத்திலிருந்து வருவதைத் தேடிப் போகிறார்கள் என்று முதல் சித்திரையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கன்னியாகுமரியில் சுற்றுலாக்காரர்கள் வாங்கும் கடை ஒன்றுக்கு ஒரு பெட்டி கிரீம் கொடுத்திருந்தோம். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷன். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று வாசல் கண்ணாடிப் பெட்டியில், நேர் வெயிலில் அடுக்கி வைத்துவிட்டார்.

அவர் கூப்பிட்டு நான் போனபோது ஒவ்வொரு பாட்டிலிலும் மேலே மஞ்சளாக எண்ணெய், நடுவில் தயிர் திரிந்த மாதிரி ஏதோ ஒன்று, அடியில் தெளிந்த தண்ணீர். எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாவம் பொம்பளைப் பிள்ளை நஷ்டப்படுமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாளிலிருந்தே வாங்க வருபவர்களிடம் அவராக ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தாராம். "குலுக்கிட்டுத் தேய்க்கச் சொல்லுதேன் டீச்சர், இருமல் மருந்தெல்லாம் அப்படித்தான குடிக்கோம்?" பெட்டியை வற்புறுத்தித் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நாகர்கோவில் வருவதற்குள் எண்ணெய் கசிந்து என் மடியெல்லாம் நனைந்துவிட்டது. சீட்டைத் துடைக்கத் துணி கொடுத்த கண்டக்டர் கேட்டார்: "மீன் குழம்பா, அக்கா?"

கருஞ்சீரகம்

வெயில் போனால் மழை. எங்கள் ஊர் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அலமாரியில் வைத்த பெல்ட் கூட பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும். தண்ணீர் சேர்ந்த கிரீமில் கெடாமலிருக்க ஒரு பொருள் போட்டே ஆக வேண்டும். தாவர மெழுகும், கெட்டியாக்கப் போடும் பிசினும் சேர்ந்ததென்றால் கேட்கவே வேண்டாம், பூஞ்சைக்கு அது விருந்து. பத்மநாபபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் அதைக் கேட்கவே மாட்டேன் என்றார். எதுவுமே போடாமல் தனக்கென்று ஒரு ஜாடி செய்து தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். செய்து கொடுத்தேன். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தொடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கொடுத்தேன்.

மழைக்காலம் முடியும்போது அவர் வந்தார். இடது கண்ணிமை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கன்னம் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. ஜாடியை மேஜைமேல் வைத்தார். குளியலறை ஜன்னலில் வைத்திருந்ததாம். கிரீம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஆட்டோ பிடித்துத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை, தன்னைத்தான் நொந்துகொண்டார். "நீங்க கருஞ்சீரகம் சேர்த்திருக்கியள்னு நெனச்சேன் டீச்சர். அடியில நெறைய கெடக்கும்னு கரண்டிய விட்டு நல்லாக் கிண்டிட்டுல்லா தேய்ச்சேன்."

சரோஜாவின் கை

கீரிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு தனியார் ரப்பர் தோட்டம். அங்கே ஷீட் அடிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவர் சரோஜா. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்களே, அந்தத் தொட்டி அவர் பொறுப்பு. எஸ்டேட் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி எங்களைத் தேடி வந்திருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, விரல் மடக்குகிற இடத்திலெல்லாம் ரத்தக் கோடு. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவதாகச் சொன்னார். கடையில் வாங்கித் தேய்த்த கிரீமெல்லாம் தீயாக எரிகிறதாம்.

முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் மருந்து கொடுத்து, ஆசிட் பக்கமே போகக் கூடாது என்று சீட்டு எழுதிவிட்டார். தோட்டத்தில் அதை மதித்து நாற்றுக்குப் பையில் மண் நிறைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். மருந்தோடு சேர்த்துத் தேய்க்க நாங்கள் ஒரு கிரீம் செய்தோம். ஆலிவ் மெழுகு, தவிட்டு எண்ணெய், வாசனை எதுவும் கிடையாது. அந்த மாதிரி நன்றாக எங்களுக்கு வேறெதுவும் அமைந்ததில்லை. எரியவே இல்லை என்று சரோஜா போனில் சொன்னபோது ரெஜினா ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் கை தட்டினாள். அடுத்த தடவை நேரில் வந்து காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி இருந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவரைக் காணவில்லை. வந்தபோது வாசலிலேயே நின்றார். கைகளைச் சேலை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார். எடுக்கச் சொல்லி ரெஜினா கெஞ்சிய பிறகுதான் எடுத்தார். பழையபடி வெடிப்பு, முன்னைவிட ஆழமாக. அவரே சொன்னார்: "கை நல்லாச்சுன்னு சூப்பர்வைசர் பாத்துட்டாரு மோளே. நல்ல கைதான, இனி தொட்டிக்கே போவட்டும்னு சொல்லிட்டாரு."

வெளுக்குமா?

கிரீம் விற்கிற யாரும் ஒருநாளில் ஒரு தடவையாவது கேட்காமல் தப்ப முடியாத கேள்வி இது. திங்கள்சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் மகளோடு வந்தார். மகள் பெயர் அபிஷா. நல்ல மாநிறம், பார்க்க லட்சணமான பெண். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்களாம். "வெளுக்குமா?" என்று அப்பா கேட்டார். இது தோல் காயாமல் இருக்கத்தான், நிறத்தை மாற்றாது என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் காட்டினார். எந்த எழுத்தும் புரியாத வெளிநாட்டு டியூப். ஒரு வாரத்தில் வெளுக்குமாம். அப்படி வருகிற சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "கல்யாணம் வரைக்கும்தான டீச்சர்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது, வெளியே போனார். திரும்பி வந்ததும் மறுபடி அதே கேள்வி. இந்த முறை நான், "பைய பையத் தெளியும், ஆனா இது தேய்க்கும்போது வேற எதையும் கலக்கக் கூடாது" என்றேன். அவர் டியூபை என் மேஜையிலேயே விட்டுவிட்டு, எங்கள் கிரீமைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். தொழிலில் நான் மனமறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் வெளியே நின்ற அந்தச் சின்ன இடைவெளியில் அபிஷா என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்: "வெளுக்கும்னு சொல்லிருங்க டீச்சர். இது பலிக்கல்லன்னு அப்பாக்குத் தெரியதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிரும்."

மழையில் நின்ற மிஷின்

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். பெரிய அழகுசாதன நிறுவனமாம், எங்களைப் போன்ற சின்னவர்களிடமிருந்து வாங்கித் தங்கள் பெயரில் விற்பார்களாம். கிரீமைத் தேய்த்துப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. எந்த மெழுகு, எத்தனை சூடு, எவ்வளவு நேரம் கலக்குகிறோம் என்று எல்லாம் கேட்டார்கள். நாங்களும் விருந்தாளியிடம் சமையல் குறிப்பு சொல்வது மாதிரி சொன்னோம். படம் எடுக்கும்போதுதான் பிரச்சினை வந்தது. எங்கள் கலக்குகிற மிஷின், கடன் வாங்கி வாங்கிய ஸ்டீல் மிஷின், படத்தில் வரக் கூடாது என்றார்கள். ரெஜினாவின் வீட்டுக்காரர் செல்வராஜ் லோடு ஆட்டோ ஓட்டுபவர். அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

உள்ளே ரெஜினாவுக்கு எங்கிருந்தோ கொண்டுவந்த, ஜரிகைக் கரை போட்ட கேரளக் கசவு முண்டு உடுத்தி, வாடகை அம்மி முன்னால் உட்கார வைத்து, கற்றாழையை அரைக்கச் சொன்னார்கள். பிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கூட்டிக்கொண்டு போய் மரத்தூண் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தார்கள். ஆர்டர் வரும் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. கேட்டபோது, தங்கள் தொழிற்சாலையிலேயே செய்துகொள்ளப் போவதாகப் பதில் வந்தது. சில மாதம் கழித்து மோனிஷா தன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். 'தலைமுறை தலைமுறையாகக் கையால் அரைத்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எக்கா, நான் அம்மியில அரைச்சு நீங்க எப்பமாவது பாத்திருக்கியளா? எங்க வீட்டுல அம்மியே கெடையாது."

காலர் வைத்த சட்டை

அந்த வருஷமே செல்வராஜுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு கொடுக்கக் கொடுக்கக் கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து, ஈரமாகிவிட்டது. துணி பட்டால் துடித்துப் போவார். மேல் சட்டை இல்லாமலே வீட்டுக்குள் இருந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய வேதனை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக முடியவில்லை என்பதுதான். பாட்டுக்குழுவில் நின்று பாடியவர். பாட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார், பனியனோடு போக மட்டும் மனம் வரவில்லை.

என்ன தேய்க்கலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸிடம் நான்தான் போய்க் கேட்டேன். வாசனை கூடாது, மூலிகைச் சாறு கூடாது, புண்ணாக இருக்கும் இடத்தில் தொடவே கூடாது, டாக்டர் சரி என்றால் மட்டும் லேசாக என்று சொன்னார். நான் பெருமையாக லேபிளில் எழுதி வந்த அத்தனையும் அந்தப் பட்டியலில் அடிபட்டுப் போனது. கடைசியில் மிஞ்சியது தண்ணீர், சூரியகாந்தி எண்ணெய், லெசித்தின், கொஞ்சம் மெழுகு, கெடாமலிருக்கப் போடும் அந்தப் பொருள். அதை டாக்டரிடம் காட்டிச் சம்மதம் வாங்கினோம். ரெஜினா என்னைக் கலக்க விடவில்லை, மிஷினிலும் போடவில்லை. ஒரு சின்னப் பாத்திரத்தில், ஆறும்வரை அவளே கலக்கினாள். அன்றைக்கு அவள் கலக்கியது பிரியவே இல்லை. சிகிச்சை முடிந்து புண் ஆறி, தோல் மெல்ல மெல்லத் திரும்ப வந்தது. குருத்தோலை ஞாயிறன்று செல்வராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கோயில் கடைசி வரிசையில் நின்றார். பாட்டு வந்தபோது உதடு மட்டும் அசைந்தது.

தோலைச் சரிசெய்ய முடிந்தது, உள்ளே இருந்ததை முடியவில்லை. மழை தொடங்கும் முன் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஆட்கள் எல்லாம் கலைந்த பிறகு ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. வேலை முடித்துவிட்டுச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்: "பெட்டியில வைக்கும்போதும் மேல் பட்டனப் போட்டுத்தான் வச்சேன் எக்கா. கழுத்துல ஒரு கீறல் கெடையாது, கேட்டியளா."

முட்டை இல்லாமல்

ரெஜினா குவைத்துக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். இருந்துவிடு என்று சொல்ல கம்பெனியில் அத்தனை வருமானம் இல்லை. தாவர மெழுகு விற்கிற ஏஜென்ட், சின்ன அளவில் இனி அனுப்ப முடியாது, மூட்டையாக எடுத்தால் எடுங்கள் என்றான். பலகையைக் கழற்றினேன். மிஷினை விற்க விளம்பரம் போட்டேன். வாங்க வந்தவர் அன்சார். தக்கலையிலும் திங்கள்சந்தையிலும் ஷவர்மா கடை வைத்திருப்பவர். பச்சை முட்டையில் மயோனைஸ் செய்யக் கூடாது என்று தடை வந்த பிறகு, முட்டையில்லாமல் அவர் கலக்குவது எல்லாம் அடுப்புச் சூட்டில் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கிறதாம். மிஷின் மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மிஷின் மட்டும் போதாது, பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்றேன். கிரீம் மெழுகை உணவில் போடக் கூடாது என்பதால், உணவுக்கென்றே வரும் லெசித்தினும் சோயா பாலும் வரவழைத்து அவர் கடைச் சமையலறையிலேயே செய்து காட்டினேன். கிண்ணத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு இருவரும் நின்று பார்த்தோம். சாயங்காலம் வரை பிரியவில்லை. அன்றைக்கே என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்தச் செடியிலிருந்து வருகிறது, வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் பழைய பழக்கத்தில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "அதெல்லாம் முகத்துல தேய்க்கதுக்குத்தான் கேப்பாவ டீச்சர். வயித்துக்குள்ள போடுததுக்கு இஞ்ச ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

ஆக, தினமும் பூண்டு மணத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன், அந்த நிம்மதி என்ற வார்த்தையை மட்டும் நீங்கள் பாதியாகக் குறைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.